அத்தை ஆடிய டென்னிஸ்

என் தந்தையின் தங்கை இந்தப் பர்மிய ஊரில் பெண்கள் டென்னிஸ் சாம்பியனாக இருந்தவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் பொய்யாக்கியது இதைத்தான்.

மிஷன் பள்ளியின் தலைமையாசிரியையான வெள்ளைக்கார அம்மையார் அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை. போட்டி நாட்களில் மட்டும் அம்மையாரின் விருந்தாளியாக அத்தை பக்கவாசல் வழியே போவார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஆடுவார். என் தந்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாராம். சில ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை அத்தைக்குத்தான். புல்வெளியில் அதை வாங்கிக்கொண்டு, தேநீருக்கு உட்காராமல் வந்துவிட வேண்டும். யுத்தத்தில் கோப்பைகள் போயின. மைதானத்தில் பட்டாளத்து லாரிகள் நின்றன. அத்தை பிறகு மட்டையைத் தொடவில்லை. ஆனால் இடக்கை வளையல் வலக்கையில் ஏறாது. அந்தக் கை அவ்வளவு பருத்திருந்தது.

பிற்பாடு பர்மிய ராணுவ ஆட்சியில் எங்களைப் போன்ற இந்தியர்களின் குடியுரிமையைத் துருவத் தொடங்கினார்கள். பிரிட்டிஷாரோடு ஒட்டுறவு இருந்தது தெரிந்தால் மனு நிராகரிக்கப்படும் என்று பேச்சு. மனு போனால் என் வேலையும் போகும். விசாரணை அதிகாரி தாமுவே பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வரவிருந்த காலையில், அத்தை மட்டையோடு நிற்கும் ஒரே படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அடுப்பில் போட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி தேநீர் குடித்தபடி, பர்மியில் அத்தை என்று பொருள்படும் ‘அடோ’ என்றழைத்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"அடோ, சின்ன வயசுல என்ன செஞ்சீங்க?"

"டென்னிஸ் ஆடினேன். கவர்னர் பெண்சாதி கையால கோப்பை வாங்கினேன்."

"அப்ப வெள்ளைக்காரங்க ரொம்பச் சிநேகமோ?"

நான் குறுக்கிட்டேன். "குண்டு விழுந்ததிலேருந்து இவங்களுக்குப் புத்தி சரியில்லைங்க. ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பாங்க."

அத்தை என்னைப் பார்த்தார். வெறும் சுவரைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கிலாந்து ராணியைக்கூடத் தோக்கடிச்சேன். அழுதுட்டா, பாவம்."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் போனபின் அத்தை கேட்டார்.

"குடியுரிமைச் சீட்டு குடுத்துருவானாடா?"

"குடுத்துருவாங்க அத்தை."

"சரி. படத்தையாவது விட்டிருக்கலாமேடா."

சீட்டு வந்தது. ராணிக் கதையும் தெருவெல்லாம் பரவியது. அத்தை சந்தைக்குப் போனால், "அடோ, இன்னைக்கு எந்த ராணி?" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவர் காற்றில் கையை வீசிக் காட்டுவார். உண்மையைச் சொன்னால் சீட்டைப் பறிப்பார்களோ என்று முதலில் பயந்தேன். பயம் தீர்ந்த பிறகும் சொல்லவில்லை. அத்தையின் அடக்கத்தன்று போதகர், மனநோயிலும் பொறுமை காத்த சகோதரி என்று ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன்.

அத்தையைப் பைத்தியம் என்றே நம்பி வளர்ந்தவள் என் மகள். போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காலைல மாத்திரை போட்டீங்களாப்பா?"