கொட்டு வாங்கிய நாய்களும் கூட வந்தவர்களும்

நாய் டாக்டர் வேலையில் ஒரு சிக்கல்: கொட்டு வாங்கியவன் வாயைத் திறக்க மாட்டான், கூட வந்தவர் மூட மாட்டார். நாய் வளர்க்கிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முடிச்சூரில் மழை விட்டுச் செடிகள் பூத்து, தேனீயும் குளவியும் வந்தால் போதும், என் கிளினிக்கில் வரிசை நீளும்.

சுண்ணாம்பு

மீன் விற்கும் அக்கா ஒருவர், எச்சில் ஒழுக ஒழுகத் தன் நாயைக் கொண்டுவந்தார். காலில் குளவி கொட்டியதாம். கால் நன்றாகத்தான் இருந்தது, நாக்குதான் வெந்து சிவந்திருந்தது. கொட்டிய இடத்தில் அக்கா சுண்ணாம்பை அப்பியிருக்கிறார், நாய் அதைச் சுத்தமாக நக்கியிருக்கிறது. வாயைக் கழுவிக்கொண்டே, ஏன் தடவினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வூட்ல எல்லாருக்கும் அதான் டாக்டர் போடுவோம். யாரும் நக்குனதில்ல."

முதல் சந்தேகம் பாம்பு

ஆட்டோ ஓட்டும் குமாரின் நாய் மணி, மூஞ்சி வீங்கி, கண் இடுங்கி வந்தது. பாம்புதான் என்று தெருவே தீர்ப்பு சொல்லியிருந்தது. பல் தடம் தேடினேன், இல்லை. மூக்கோரம் கறுப்பாகத் தேனீயின் கொடுக்கு. பிடித்து இழுத்தால் விஷப்பை நசுங்கும் என்பதால் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் சுரண்டி எடுத்தேன். ஊசி போட்டு, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன். குமார் கொடுக்கை உற்றுப் பார்த்தார்.

"இத்துனூண்டு முள்ளுக்கா டாக்டர் சிக்னல்ல நிக்காம வந்தேன்?"

வீங்காத முகம்

குமார் உட்கார்ந்திருக்கும்போதே பொழிச்சலூர் டீச்சர் ஸ்டெல்லா, தன் பிரவுனியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாடியில செடிக்குத் தண்ணி விடறப்போ கூடவே இருந்தான். திடீர்னு வாந்தி, எதையோ தின்னுட்டான்போல. நீங்க அவரை முடிங்க டாக்டர், நாங்க வெயிட் பண்றோம்."

பிரவுனி மணியை மோந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை. உதட்டைத் தூக்கினேன். ஈறு வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தது. செடிப் பக்கம் நின்றவனைத் தேனீ கொட்டியிருக்கலாம். அந்த விஷம் சில நாய்களுக்கு வீக்கமே காட்டாது, நேராக ரத்த அழுத்தத்தைச் சாய்த்துவிடும். அட்ரினலின் ஊசி, டிரிப்ஸ். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "எனக்கு இவன் மட்டும்தான் டாக்டர்" என்றார் ஸ்டெல்லா.

மெல்ல ஈறு சிவந்தது. அதன் பிறகுதான் தேடினேன். கால்விரல் இடுக்கில் ஒரு கொடுக்கு. பிரவுனி வாலை அசைத்ததும் ஸ்டெல்லா அழுதுவிட்டார். மணியை அடுத்துப் பார்க்கலாம் என்று திரும்பினால், குமார் அதன் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு செவப்பாத்தான் கீது டாக்டர். நாங்க வெயிட் பண்றோம்."

அன்று முதல் குமார் எதிர்ப்படுகிற நாயின் உதட்டையெல்லாம் தூக்கிப் பார்க்கிறார். ஒருநாள் கடி வாங்கத்தான் போகிறார், அதற்கு நான் டாக்டர் இல்லை.