ஒத்தக்கண்ணு எங்கே போகிறது

கைபேசியில் பில் போடும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்ட அன்று, என் தொழிலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் இருந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்து பதினோரு வருடம் ஆகிறது. களிமண் எந்தப் பதத்தில் அச்சில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், சூளையில் எந்த அடுக்கு கோணும், எந்த மாதம் கல்யாணம் காது குத்து என்று ஆள் வராது என்பதெல்லாம் அத்துப்படி. ஆப் கேட்டது சின்னக் கேள்வி. பொருளின் பெயர் என்ன?

"ஒத்தக்கண்ணு" என்று அடித்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அடுத்த கட்டத்தில் அந்தப் பொருளுக்குரிய வரிக் குறியீட்டு எண்ணை, கோடு என்கிறார்களே, அதைக் கேட்டது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒத்தக்கண்ணு என்பது பட்டறையில் நாங்களாக வைத்த பெயர். நாணயம் அளவில், வட்டமாக, வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரே ஓட்டையோடு இருக்கும். முதல் வருடம் ஒரு ஏஜெண்டு, மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, "இதே மாதிரி வேணும், ஓட்டை மட்டும் வழவழன்னு இருக்கணும்" என்றார். செய்து கொடுத்தோம். மூட்டை மூட்டையாக எடுத்துப் போனார். பில், வரி, லாரி எல்லாம் அவர் பாடு. இந்த வருடம் உடம்பு முடியவில்லை என்று தொழிலை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, வாங்குகிறவர்களின் நம்பரை என்னிடம் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அந்த நம்பர் ஈரோட்டுப் பக்கம். பேசியவர் வயதானவர், மரியாதையானவர், ஆனால் கறார். "வியாழக்கிழமை லாரிக்குச் சரக்கு வரோணும் அம்மிணி. உங்க பேர்ல சரியான பில் இருந்தாத்தான் எடுப்போம். இல்லீன்னா வேற பட்டறைய பாத்துக்கறோமுங்க" என்றார். எங்கள் பட்டறையில் முக்கால்வாசி வேலை ஒத்தக்கண்ணுதான். அந்த ஆர்டர் போனால் ஐந்து பெண்களுக்கு வேலை இல்லை, எனக்குப் பட்டறையே இல்லை. இது செவ்வாய்க்கிழமை.

வரிக் கணக்கு பார்க்கும் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"பொருள் என்னான்னு சொல்லுங்கம்மா, கோடு சொல்றேன்."

"வெள்ளையா, வட்டமா, நடுவுல ஓட்டை இருக்குது."

"அது உருவம்மா. எதுக்குப் பயன்படுது?"

அது எனக்குத் தெரியாது. பயனை வைத்துத்தான் கோடாம். பாத்திரம் என்றால் ஒன்று, பொம்மை என்றால் ஒன்று, கரண்டு சாமான் என்றால் இன்னொன்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட, ஒரு நமைச்சல். பதினோரு வருடமாக லட்சக்கணக்கில் ஒரு பொருளைச் செய்து அனுப்பியிருக்கிறேன். அது எங்கே போய், யார் கையில், என்னவாகிறது? ஒரு நாள்கூட இது எனக்குத் தோன்றவில்லையே!

பட்டறையில் கேட்டேன். அச்சு போடுகிறவள், "குழாய்க்கு வாசரா இருக்கும்க்கா" என்றாள். மெருகு பூசுகிறவள் ஏதோ மிஷினுக்கு அடியில் வைப்பது என்றாள். சூளை பார்க்கிறவள் தன் ஆட்டுக்குட்டி கழுத்தில் ஒன்றைக் கட்டிவிட்டதாகவும், அதிலிருந்து குட்டிக்குக் கண் படுவதில்லை என்றும் சொன்னாள். அதற்கு ஏது கோடு? ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வாங்கினேன், வித்தேன், அதுக்கு மேல எனக்கென்னாத்துக்கும்மா?" என்றார். அவருடைய பழைய பில்லில் வெறுமனே "பீங்கான் சாமான்" என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதினோரு வருஷமா பொண்ணக் கட்டிக் குடுத்துட்டே இருக்குற, மாப்ள என்னா வேல பாக்கறாருன்னு இப்பத்தான் விசாரிக்கிற" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமாக இருந்ததால்தான் கோபம்.

புதன்கிழமை காலை ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்களைச் சுற்றி இருக்கும் பட்டறைகளில் பாதி ஃப்யூஸ் செய்கிறவை. வெள்ளையாக, ஓட்டை போட்டு இங்கிருந்து போவது வேறு என்னவாக இருக்கப் போகிறது என்று, ஆப்பில் கரண்டு சாமானுக்குரிய கோடைப் போட்டு பில்லை அனுப்பிவிட்டேன். என் பட்டறையின் பெயர் கொட்டை எழுத்தில் மேலே, நன்றி, மீண்டும் வருக என்று கீழே. பார்க்கக் கல்யாணப் பத்திரிகை தோற்றது. கால் மணி நேரத்தில் ஈரோட்டிலிருந்து போன்.

"ஏனுங்க, நாங்க எப்ப உங்ககிட்ட ஃப்யூஸ் வாங்கினோம்?"

சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ஐயா, மறைச்சு என்னா ஆவப்போவுது? அது என்னா சாமான்னு எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவர் சிரிப்பது கேட்டது. "நூல் போற வழிங்க அது. எங்க மிஷின்ல நூல் அந்த ஓட்டை வழியாத்தான் ஓடும், காலைல இருந்து ராத்திரி வரைக்கும். ஓட்டையில ஒரு பொட்டு சொரசொரப்பு இருந்தாலும் நூல் அந்து போயிரும். மத்த ஊர்ல செய்யற இந்தக் காய்ல அறுந்துக்கிட்டே இருக்கும். உங்க காய்ல அறாது. அதுக்குத்தான் உங்களையே வச்சிருக்கோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலாம்! அடுத்து அவர் கேட்டார்: "ஒவ்வொண்ணுலயும் நூல் விட்டுப் பாத்துத்தானே அனுப்பறீங்க?"

"ஆமாங்க" என்றேன். துணிந்து சொன்ன பொய். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தறிச் சாமான் கோடு எதுவென்று அவரே சொன்னார். ஆபீஸ் பெண்ணிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு, பில்லை மாற்றிப் போட்டு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் அந்தப் பொய் உறுத்தியது. யார் நூல் விட்டுப் பார்த்தார்கள்? சூளையிலிருந்து வந்த சரக்கைத் தரம் பிரித்துப் பெட்டியில் போடுவது ஒருத்தி. எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மற்றவர்கள் செய்து குவிப்பதற்கு அவளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நன்றாக இருப்பதையும் கழித்துப் போடுவாள். வேலை நேரத்தில் விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். இந்த வாரத்தோடு அவளை நிறுத்திவிடலாம் என்று முடிவும் செய்து வைத்திருந்தேன்.

விரலில் நூல்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவள் உட்காரும் கொட்டகைக்குப் போனேன். கிழிந்த புடவையிலிருந்து உருவிய நூல் ஒன்று அவள் சுட்டுவிரலில் இருந்தது. ஒரு காயை எடுத்து, நூலை ஓட்டையில் விட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பெட்டியில் போட்டாள். அடுத்ததில் நூல் சிக்கியது. கழித்தாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அந்த நூலு?"

"திட்டாதீங்கக்கா. ஓட்ட வழவழன்னு இருக்கணும்னு ஏஜெண்டு ஐயா சொன்னாரில்ல, உள்ளாற வெரலு போவ மாட்டேங்குது. நூலு உட்டாத்தான் தெரியுது."

"அப்படிக் கழிச்சா பெட்டி கொறையும், ஒனக்குத்தான நஷ்டம்?"

"கொறையத்தான் செய்யுது. மாட்டறது தெரிஞ்சும் எப்படிக்கா பெட்டியில போடறது?"

அவளுக்கு எதிரே மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஈரோட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் வாயைப் பிளக்கவில்லை. "நூலா! அப்ப சரிதான்" என்று மட்டும் சொல்லி, கையில் இருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் இல்லை.

"திங்கக்கெழமையிலேருந்து…" என்று ஆரம்பித்தேன்.

"வர வேணாமாக்கா?" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை நாளாக இதற்குத் தயாராக இருந்தாளோ!

என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெட்டிக் கணக்கு இனி இல்லை, மாதச் சம்பளம் என்று சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொடவ மிச்சம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா, வூட்ல."

"எடுத்தாந்துடு. எனக்கும் ஒரு நூலு உருவிக் குடு."