டீச்சர் வீட்டு லினக்ஸ்

என் வீட்டுக் கம்ப்யூட்டரை எங்கள் மாதா கோயில் ஃபாதர்தான் ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்தார். புதுச் சாமான் எதையும் மந்திரிக்காமல் பயன்படுத்துகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சைக்கிள், மிக்ஸி, பம்புசெட்டு எல்லாமே தீர்த்தம் வாங்கியவைதான். அவர் தெளிக்கக் கையை ஓங்கியதும், "ஐயோ ஃபாதர், கரண்டுச் சாமான்!" என்று கத்திக்கொண்டே துண்டை எடுத்துப் போட்டு மூடினேன். ஆசீர்வாதம் முழுவதும் துண்டுக்குப் போய்விட்டது என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தத் தம்பிதான் எனக்கு எல்லாம். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர், வீடு பக்கத்துக் கிராமமான அகரத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். இரண்டாயிரத்தை ஒட்டி அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது, "ஒனக்குத் தனியா ஏலாதுக்கா. செத்த நாளு இருந்துட்டு வந்துருவேன்" என்றான். பேசுவதற்காகக் கம்ப்யூட்டரையும் வாங்கி வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாயங்காலமாகும்போது அவனுக்குக் காலை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சாட் செய்வோம். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினேன். எப்போது வருகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். அவனாகச் சொல்ல மாட்டானா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வித்தாள் அடிக்கப் பள்ளியிலிருந்து ஃபிளாப்பி கொண்டுவருவேன். அதோடு வைரஸும் வரும். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுகிற ஃபார்மட். முதல் தடவை தம்பி பனியில் நின்று எடுத்த படங்கள் போயின. இரண்டாம் தடவை அவன் திரும்ப அனுப்பிய அதே படங்கள் போயின. "இதென்ன டீச்சர், படந்தானே, மறுபடி அனுப்பச் சொல்லுங்க" என்று அவர் சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இனி என் வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வைரஸ் பிடிக்காத, யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற ஒன்றைப் பற்றி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். ரயில் நிலையப் புத்தகக் கடையில் அந்தப் பத்திரிகையோடு லினக்ஸ் சி.டி.யே கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சி.டி.யைப் போட்டுவிட்டு ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்தேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று கேட்டது. அழிப்பதற்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது, அழித்துத் தொலை என்று அமுக்கினேன். கடவுச்சொல் கேட்டது. அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு அறிவுரை வேறு. சொல்ல ஆள் இருந்தால்தானே!

சாயங்காலம் திரை பளிச்சென்று வந்தது. கைதட்டாத குறைதான். எழுந்து வாசலுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. மோடம் என்று ஒன்று உள்ளே இருப்பதாகவே லினக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மோடம் இல்லாமல் இன்டர்நெட் ஏது! அங்கே தம்பி காத்துக்கொண்டிருப்பான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைத்த பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். மூச்சிரைக்க உட்கார்ந்து, "புது சிஸ்டம் போட்ருக்கேன் அப்பு, சூப்பரா ஓடுது. சும்மா டவுன்ல ஒரு வேலையா வந்தேன்" என்று தட்டினேன்.

ஏன் அப்படித் தட்டினேன் என்றால், வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் நாங்கள் கெட்ட செய்தி சொல்வதில்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தாலும், போனில் கேட்டால் "நல்லா இருக்கோம், நீ ஒடம்பப் பாத்துக்க" என்றுதான் வரும். "இன்னைக்கி என்னக்கா வெஞ்சனம்?" என்று அவன் வாராவாரம் கேட்பான். கறிக்குழம்பு, நெத்திலி வறுவல் என்று அடித்துவிடுவேன். வீட்டில் மோர்ச்சோறும் ஊறுகாயும்தான் இருக்கும். ஒற்றை ஆளுக்கு எவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பாள்?

லினக்ஸ் சமாச்சாரத்திலும் அதையேதான் செய்தேன். சத்தம் வரவில்லை, பிரிண்டர் பேய் எழுத்தாகத் துப்பியது, கரண்டு போய் வந்தால் கறுப்புத் திரையில் ஏதேதோ ஓடி நின்றுவிடும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். என்ன செய்வது என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இல்லை. ஆனால் தம்பியிடம், "பிரிண்டர நானே சரி பண்ணிட்டேன்ல!" என்று மட்டும் போகும். "அக்கா, நீ பெரிய ஆளுக்கா!" என்று அவன் எழுதுவான். அதைப் படிக்கும்போது இனித்ததை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் மோடத்துக்கும் வழி பிறந்தது. லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் மின்னஞ்சல் குழு ஒன்றில் பிரவுசிங் சென்டரிலிருந்தே என் கஷ்டத்தை எழுதிப் போட்டேன். முகம் தெரியாத யாரோ பொறுமையாகப் பதில் போட்டார். உள்ளே இருக்கிற மலிவு மோடம் லினக்ஸுக்கு ஆகாது, வெளியே வைக்கிற பெட்டி மோடம் வாங்குங்கள் என்றார். மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். நம்பர் போட்டு, பெயர் போட்டு, தப்பாகி, திரும்பப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெட்டி கீச்சுகீச்சென்று கத்தி லைனைப் பிடித்தது. மாதாவே என்று கும்பிட்டேன்.

சாயங்காலம் தம்பி வந்தான். "அப்பு, வீட்ல இருந்துதான் பேசுறேன். லினக்ஸ்ல!" என்று தட்டினேன்.

"யாரு வந்து போட்டுக் குடுத்தா?"

"யாரும் வரல. நானேதான்."

அவன் பதில் மளமளவென்று வந்தது. "அக்கா, ஒரு விசயம். இங்க ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். இங்கேயே இருந்துரலாம்னு. ஒனக்குத் தனியா ஏலுமோ ஏலாதோன்னுதான் இம்புட்டு நாளும் தள்ளிப் போட்டேன். யாரு தொணையும் இல்லாம இம்புட்டும் பண்ணிட்ட. எனக்கு இப்பத்தான்கா மனசு லேசா இருக்கு."

இல்லடா அப்பு, ஏலாதுடா, நீ வந்துருடா என்று தட்டினேன். எழுத்து எழுத்தாக அழித்தேன். "ரொம்பச் சந்தோசம் அப்பு. நல்ல வெளிச்சமான வீடாப் பாரு" என்று தட்டி அனுப்பினேன்.

"இன்னைக்கி என்னக்கா வெஞ்சனம்?"

"கறிக்குழம்பு."

வீடு வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். வாராவாரம் என்பது மாதத்துக்கு ஒரு தடவை என்றாகி, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்றானது. குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கும் ஆயிரம் வேலை. நான் போட்ட லினக்ஸ் மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. செய்தால் தேவலை என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன்.