ஐந்தும் ஐநூறும்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தபோது, நல்லெண்ணத்தோடு நான் எழுதிய விதி ஒன்று உண்டு. யாரும் சொந்த மாத்திரையோடு உற்பத்தி லைனுக்குள் போகக் கூடாது. வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தேவையானதை முதலுதவி அறையின் இருப்பிலிருந்து செவிலியர் தருவார். வலிமாத்திரைகளை அள்ளி விழுங்கிவிட்டு இயந்திரத்தின் முன் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்த பிறகே அதை எழுதினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

படப்பையிலிருந்து வரும் தொழிலாளி ஒருத்தியின் சாப்பாட்டுப் பையில் ஃபோலிக் அமில மாத்திரை அட்டை அகப்பட்டு, என் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. ஐந்து மில்லிகிராம். முதல் கருவுக்கு முதுகுத்தண்டு மூடவில்லை என்று ஐந்தாம் மாதத்தில் கலைக்க நேர்ந்தவள் அவள். மறுபடி அப்படி நேராமலிருக்க, அடுத்த கரு தரிக்கும் முன்பிருந்தே தினம் ஒன்று என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தார். மாத்திரை தின்றதால்தான் முதல் கரு கெட்டது என்று மாமியார் நம்பியதால், வீட்டில் அதை விழுங்க முடியவில்லை. இவ்வளவையும் அவளே சொன்னாள். அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டேன், அட்டையைத் தரவில்லை.

செவிலியர் இருப்பிலிருந்த இரும்புச்சத்து மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் ஃபோலிக் கீது மேடம். ஐநூறுன்னு போட்டிருக்கு."

"அஞ்சுக்குப் பதிலா ஐநூறு தர்றோம். இன்னும் என்ன வேணும்?" என்றேன், முதுகலை படித்த நான்.

மூன்று வாரம் அவள் தினமும் வந்து எங்கள் எதிரிலேயே அதை விழுங்கிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கதவைத் தட்டாமல் வந்து மருத்துவமனைச் சீட்டை என் மேசையில் அறைந்தாள்.

"இன்னா படிப்பு மேடம் படிச்சீங்க? உங்க ஐநூறு மைக்ரோகிராமு. அரை மில்லிதான். நாளெல்லாம் மைக்ரான் கணக்குல அளந்துகினு கீறோம் நாங்க. மைக்ரோவுக்கும் மில்லிக்கும் வித்தியாசம் தெரியாதவள லைன்ல ஒரு நிமிஷம் நிக்க வுடுவாங்களா?"

அவள் பின்னாலேயே வந்திருந்த செவிலியர் மெல்ல, "அப்போ பத்து மாத்திரையா குடுத்துடலாமா?" என்றார்.

"குடுங்க சிஸ்டர். அவ்ளோ இரும்பத் தின்னு நானும் மிஷினாவே ஆயிடுறேன்."

பத்தை விழுங்கினால் அதிலுள்ள இரும்பே நஞ்சாகும். அதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பெரும்பாலான பெண்களுக்கு நானூறு மைக்ரோகிராமே போதும்னு..." என்று தொடங்கினேன். அது உண்மைதான். இந்த உண்மை அவளுக்கானதல்ல.

"பெரும்பாலான பொம்பளைங்க ஒண்ணப் பொதச்சுட்டு வர்ல மேடம். எனக்குத் தள்ளிப்போயி பத்து நாள் ஆவுது. முதுகு மூடுற நேரமே இதுதானாம்."

எழுந்து அலமாரியைத் திறந்து அட்டையை நீட்டினேன். என் கையிலிருந்து அவள் வாங்கவில்லை.

"கீழ வைங்க."

வைத்தேன். ஒன்றைக் கிழித்தெடுத்துத் தன் பாட்டில் தண்ணீரில் விழுங்கினாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

மருத்துவர் எழுதிய மாத்திரை அவரவரிடமே இருக்கலாம் என்று அன்றே விதியைத் திருத்தினேன். இதனால் யாராவது மறுபடி மயங்கி விழக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். ஐந்து மில்லிகிராம் ஆபத்தைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நீக்கிவிடாது. அந்த ஆபத்தில் என் பங்காக மூன்று வாரத்தைச் சேர்த்திருந்தேன். அடுத்த சில மாதங்கள் எதிர்ப்படும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து ரத்த அழுத்தம் பார்க்க முதலுதவி அறைக்கு வந்தாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"சிஸ்டர், முதுகு நல்லா மூடிகினு கீதாம். எல்லாம் சரியா கீதுன்னு சொல்லிட்டாங்க."

நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"உங்ககிட்ட சொல்லல மேடம்," என்று சொல்லிவிட்டு, செவிலியரிடம் கையை நீட்டினாள்.