அஞ்சாவது தறி

வயரிங் தொழிலில் கரண்ட் அடிப்பது எப்போதாவதுதான்; கரண்ட்டைப் பற்றி வாடிக்கையாளர் நமக்குப் பாடம் எடுப்பது தினசரி நடப்பது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காக, நெசவு ஊரான இளம்பிள்ளையில் ஒரே தறிப் பட்டறையில் ஒரே வாரத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

சாம்பார் கணக்கு

பழனியம்மாள் அக்கா பட்டறையில் நாலு விசைத்தறி. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்யாணத்துக்குச் சேலைகள் போயாக வேண்டும். தவறினால் அந்த ஜவுளிக்கடை இனி இந்தப் பக்கமே திரும்பாது. அவசரத்தில் அஞ்சாவது தறியை இறக்கி, பழைய ஒயரிலேயே சேர்த்துவிட்டார். பீஸ் கம்பி அடிக்கடி உருகிப் போக, என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பேரலல்ல, தனித்தனி வழியாச் சேர்த்தா, ஒவ்வொரு மோட்டாரும் தனக்கு வேணுங்கறத முழுசா இழுக்குங்க. வழி கூடக்கூட மொத்தத் தடை குறையும், மெயின் ஒயர்ல கரண்ட் ஏறும்" என்றேன். அக்கா யோசித்தார். "ஏனுங்க தம்பி, நாலு பேருக்கு வெச்ச சாம்பாருக்கு அஞ்சாவது ஆளு வந்தா, கொஞ்சம் தண்ணிய ஊத்திச் சமாளிக்கறதில்லீங்களா?"

பீஸ் போகாத வைத்தியம்

செவ்வாய்க்கிழமை அக்காவின் வீட்டுக்காரர் செங்கோடண்ணன் போன் செய்து, இனி நான் வர வேண்டியதில்லை, பீஸே போவதில்லை என்றார். வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன்.

பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். அஞ்சு மோட்டாரின் கரண்ட்டும் ஒரே ஒயரில் ஓடியதில் அந்த ஒயர் மேல்தோல் உருகி, பட்டு நூலுக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கோபத்தில் கத்தியும் விட்டேன். அண்ணன் அசரவில்லை. "ஒயருதானுங்க சாமி போச்சு, பீஸு போகல பாருங்க!"

ரெண்டு லைன்

புது ஒயர் போடும்வரை எதுவும் ஓடக்கூடாது என்றதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து கனத்த ஒயரில் தனித்தனியாக ரெண்டு லைன் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான பீஸ் போட்டேன். முதல் லைனில் மூன்று தறி, அடுத்ததில் ரெண்டு. மொத்தம் அஞ்சுக்கு மேல் மீட்டர் தாங்காது என்று மூன்று தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சேலைகள் வண்டி ஏறின. அக்கா சிரித்த முகமாக டீ கொடுத்தார். "அடுத்த வாரம் ஆறாவது தறி வருதுங்க தம்பி, இப்பத்தான் ரெண்டு லைன் இருக்குதுங்களே!"

மின்சாரம் எங்கே எவ்வளவு பிரியும் என்று இத்தனை வருடமாகச் சரியாகச் சொல்லி வருகிறேன், சொன்ன அளவோடு நின்ற ஒரு தறிக்காரரைத்தான் இன்னும் பார்க்கவில்லை.