சவுரியக்காவும் குப்பைமேனிக் களிம்பும்

சவுரியம்மாளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகு சிரிப்பு வரும். கடைசியில் அந்தப் பழைய எலிக்கூடத்தின் உமி வாசனை நினைவுக்கு வந்து, மனம் கனத்துப்போகும். இன்று விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எம்.பார்ம் படித்த அந்த இரண்டு வருடம் போல இனி ஒன்று வரப்போவதில்லை.

அந்தக் கல்லூரியில் ஆய்வுக்கான எலிகளைப் பராமரித்தவர் சவுரியம்மாள். எங்களுக்கு அவர் சவுரியக்கா. ஒலக்கூர் பக்கத்து ஆள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் நாற்று நட்டும் பாதி வயது போய்விட்டது. கல்லூரிக்குக் கூட்டிப் பெருக்கத்தான் வந்தார். மற்றவர்கள் எலியைக் கண்டு அலறி ஓடியதால் எலிக்கூடம் அவர் தலையில் விழுந்தது. அவர் வாயில் எலி என்ற சொல்லே வராது, "புள்ளைங்க"தான். காலையில் கதவைத் திறந்ததும், "இன்னாங்கடா, எழுந்தீங்களா?" என்று குரல் கொடுப்பார். எல்லா மூக்கும் கூண்டுக் கம்பிக்கு வந்துவிடும். நாங்கள் கையுறை போட்டுப் பிடித்தாலும் கடிக்கிற அதே எலிகள், அவர் முந்தானையில் சுருண்டு தூங்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

என் ஆய்வு குப்பைமேனியைப் பற்றியது. அது காயத்தை ஆற்றும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொன்னால் போதாது, ஆய்வகத்தில் நிரூபிக்க வேண்டும். இலையை நிழலில் உலர்த்தி, சத்தைப் பிரித்து, களிம்பு செய்தேன். பன்னிரண்டு எலிகளை மயக்கி, முதுகில் சிறு காயம் உண்டாக்கினோம். ஆறு எலிகளுக்குக் குப்பைமேனிக் களிம்பு. மற்ற ஆறுக்கும் மருந்து சேராத வெறும் களிம்பு. நான்கு நாளுக்கு ஒருமுறை காயங்களை அளந்து, இரண்டு பிரிவுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் என் பட்டம் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அளந்தேன். மருந்து போட்டவையும் போடாதவையும் ஒரே மாதிரி ஆறியிருந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியர் தென்னரசு, "தானா ஆற வேண்டிய காயம் தானா ஆறியிருக்கு, அவ்வளவுதாம்மா அருணா. தலைப்பை மாத்திக்கோ," என்றார். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று மாதம்கூட இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கை கழுவும் தொட்டியருகே நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

சவுரியக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"அழுவாத பாப்பா. நான்தான் போட்டேன்."

"எதை?"

"உன் மருந்தை. சாயந்தரம் நீ போன பின்னாடி மத்த ஆறு புள்ளைங்களுக்கும் போட்டுக்கினு இருந்தேன். எல்லாத்துக்கும் ஒண்ணாதான காயம் பட்டுச்சு? இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"என் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அதையெல்லாம் சொல்ல இப்போது வாய் கூசுகிறது. சவுரியக்கா, வேலை போனாலும் போகட்டும் என்று நேராகத் தென்னரசு சார் அறைக்குப் போய், மருந்து போட்டதை அவரிடமும் சொன்னார்.

சார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எனக்காக அலைந்து, புதிதாகப் பன்னிரண்டு எலிகளுக்கு அனுமதி வாங்கினார். பராமரிக்க வேறு ஆளைப் போட்டார். அந்த ஆள் இரண்டே நாளில் விரலில் கடி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். மறுபடியும் சவுரியக்காதான். "மாதா மேல சத்தியமா தொட மாட்டேங்க," என்று சாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. களிம்பு இருந்த அலமாரி பக்கமே அவர் போகவில்லை. மருந்து போடாத ஆறு எலிகளுக்கு உமி மாற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பார்த்தும் பார்க்காதது போல அளவெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் எண்கள்தான் பெரிதாக இருந்தன.

பதினாறாம் நாள், மருந்து போட்ட எலிகளின் காயம் அநேகமாக மூடிவிட்டது. மற்றவற்றின் முதுகு இன்னும் சிவந்தே இருந்தது. தென்னரசு சார் கணக்கை இரண்டு முறை சரிபார்த்துக் கை குலுக்கினார். நான் எலிக்கூடத்துக்கு ஓடினேன்.

"சவுரியக்கா, ஜெயிச்சுட்டோம்! மருந்து நல்லா வேலை செய்யுது!"

"நெஜமாவா? இனிமே அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா. எல்லாம் முடிஞ்சுது."

"அப்ப இதுங்களுக்கும் போட்டுடலாமா பாப்பா?"

பதினாறு நாளும் அந்த எலிகளைக் கையில் பிடித்துக் காயத்தைப் பார்த்தவள் நான். எனக்கு ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. களிம்பை எடுத்து வந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, ஆறுக்கும் நானே பூசினேன்.