கிழக்குப் பார்த்த கரவன்

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ரொறன்ரோவில் மொன்றியல் பஸ் ஏறினேன். தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், டிக்கெற் அறுபத்திரண்டு டொலர், பிரயாணம் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட. மற்றவர்கள் பயணம் போவது ஊர் பார்க்க. நான் போனது ஆள் பிடிக்க. பெரிய சூட்கேஸாகப் பார்த்து ஒன்றை வெறுமையாகக் கொண்டு போனேன். திரும்பி வரும்போது அதற்குள் என் தங்கையின் உடுப்புகள் இருக்கும் என்பது என் கணக்கு.

தங்கை வசந்தியும் அவள் கணவர் சிவநேசனும் மொன்றியலில் இருபது வருடத்துக்கு மேலாக வாடகை வீட்டில் இருந்தவர்கள். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணமாகி அந்த வீடு தேவைப்பட்டது. இன்னொரு வீடு பார்ப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் போய்ப் பழைய கரவன் ஒன்றை வாங்கிவிட்டார்கள். கோடைகாலத்தில் வெள்ளைக்காரர் வண்டியின் பின்னால் கட்டி ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சில்லு வைத்த வீடு. அதில் மொன்றியல் பனிக்காலத்தைக் கழிக்கப் போகிறார்களாம். கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது பொய். இறங்கியது. ஒவ்வொரு பிடிக்கும் ஒருதரம் அவளைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் சென்னைப் பெண் ஒருத்தி, மொன்றியலில் படிக்கிறவள். கிங்ஸ்டன் தாண்டும்போது அவளிடம் இதையெல்லாம் கொட்டினேன்.

"மைனஸ் இருபதுலயும் அதுக்குள்ளதான் இருப்பாங்களா ஆன்ட்டி?"

"ஓம் பிள்ளை. அதுதான் என்ரை கவலை."

"செம ஆன்ட்டி! எனக்கும் ஆசையா இருக்கு."

அதற்குப் பிறகு மொன்றியல் வரும்வரை நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் நிலையத்தில் சிவநேசன் பிக்கப் ட்ரக்கோடு நின்றார். முன்பு அமெரிக்கா வரை பாரவண்டி ஓட்டிய மனிதர். இப்போது நகரின் மேற்கு ஓரத்தில், ரொக்ஸ்பரோவுக்கும் அப்பால், ஜினெட் என்ற கியூபெக்காரியின் தோட்டத்தைப் பார்க்கிறார். கண்ணாடி வீடுகளுக்குள் கொத்தமல்லி, புதினா, துளசி வகைகள் வளர்கின்றன. பனிக்காலத்தில் ஹீற்றர் நின்றுபோனால் அவ்வளவும் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால் ஆள் ஒருவர் அங்கேயே தங்கவேண்டும். கரவனும் அந்தத் தோட்டத்துக்குள்தான் நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் வசந்தி ரொக்ஸ்பரோவில் ரயில் ஏறி, பிறகு மெத்ரோ மாறி, ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஜினெட்டின் கடையில் அதே கொத்தமல்லியை விற்கிறாள். முப்பது கிலோமீற்றர் ஓட வெள்ளிக்கிழமை நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் கரவனைப் பற்றி அவர் சொன்னதை ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"கூரை ஒழுக்கில்லை மச்சாள். அடியிலை துருவில்லை. நல்ல குணம்."

இருபத்தாறு அடி நீளம். ஒரு முனையில் கட்டில், மறுமுனையில் மேசை. மேசையை இறக்கினால் அதுவும் கட்டில், அதுதான் எனக்கு. நடுவில் காஸ் அடுப்பு, முகம் கழுவவும் பாத்திரம் கழுவவும் ஒரே தொட்டி. குளிக்கும் இடத்தில் உடம்பைத் திருப்பினால் குழாய் முதுகில் இடித்தது. ஆனால் யன்னலுக்கு மஞ்சள் துணி போட்டு, மூலையில் பிள்ளையார் படத்தை வைத்து, வசந்தி அதை வடிவாகத்தான் வைத்திருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வடிவாக இல்லாதிருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"வலக்காலை வைச்சு வாங்கோ அக்கா," என்றாள் வாசலில் நின்று. "இன்னும் பால் காய்ச்சேல்லை. நீங்கள் வந்துதான் காய்ச்ச வேணும் எண்டு வைச்சிருக்கிறன்."

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சிப் பொங்கவிடுவது எங்கள் வழக்கம். குடிபூரல் என்போம். அப்பாவும் அம்மாவும் இல்லாதபடியால் அந்தப் பானை மூத்தவளான என் கைக்கு வந்திருக்கிறது. பால் பொங்கினால் அது வீடு. அதற்குப் பிறகு வீட்டை விட்டு வா என்று கூப்பிட எனக்கு வாய் இருக்காது. அதனால் நானும் விடவில்லை.

"வண்டிக்குள்ளை ஆரடி குடிபூருறது? அப்பிடிப் பாத்தால் நான் வந்த பஸ்ஸுக்கையும் காய்ச்சியிருக்கலாம். என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. வெளிக்கிடு."

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன். "இவ்வளவு காலமும் இருந்ததெல்லாம் மற்ற ஆக்களின்ரை வீடு அக்கா. ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் அடிக்க வேணும். இது என்ரை," என்றாள். பிறகு, "நாளைக்குப் பின்னேரம் கீழே பாவாடை கட்டிப்போடுவம். அதுக்கு முதல் காய்ச்சினால் நல்லது," என்று சொல்லித் தேத்தண்ணி போடத் திரும்பிவிட்டாள்.

பாவாடை என்றால் கரவனின் அடியைச் சுற்றி அடிக்கும் தடித்த பலகை. பிரெஞ்சிலும் அதற்கு அதே பெயர்தானாம். குளிர்காற்று அடியில் புகுந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். பலகையை அடித்து, வைக்கோல் கட்டுகளை அணைத்து வைத்துவிட்டால் வண்டி சித்திரை மாதம்வரை அசையாது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் புட்டு அவித்தேன். வசந்தி கூரைத் துவாரத்தைத் திறந்து வைத்திருந்தாள். "சூடெல்லாம் வெளியாலை போகுது, விசரி," என்று சொல்லி இறுக்கிப் பூட்டினேன். மூன்று பேருக்கும் புட்டு, அடுத்த நாளைக்கும் புட்டு. ஆவி யன்னலில் வழிய, நான்தான் அந்த இடத்தைச் சூடாக்கினேன் என்ற பெருமையோடு படுத்தேன்.

சனிக்கிழமை காலை கதவு திறக்கவில்லை.

நாங்கள் நித்திரையாக இருந்தபோது வெளியே மைனஸ் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. கதவின் விளிம்பெல்லாம் ஐஸ் பிடித்து, யாரோ ஒட்டிவிட்டதுபோல் இருந்தது. சிவநேசன் தோளால் இடித்தார். நான் மேசைக்கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து, "பாத்தியே, பாத்தியே!" என்றேன். ஒரு வழக்கை வென்ற சந்தோசம் எனக்கு. வசந்தி தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்துக் கதவின் ஓரமாகப் பிடித்தாள். ஐஸ் உருகி அவள் சப்பாத்துக்குள் ஓடியது.

"மச்சாள், குறை நினையாதையுங்கோ," என்றார் சிவநேசன் மெதுவாக. "இது குளிர் செய்த வேலையில்லை. உங்கட புட்டு செய்த வேலை. ஆவி போக வழியில்லாட்டில் கதவிலைதான் போய் உறையும். அதுதான் அவ மேலை திறந்து வைக்கிறவ."

என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு துருப்புச் சீட்டு. கதவு திறந்து காலை வெயில் இடக்கைப் பக்கமிருந்து விழுந்ததும் அதைப் போட்டேன்.

"வாசல் தெற்கு. தெற்கு வாசலிலை நான் பால் காய்ச்சமாட்டன். கிழக்குப் பாத்த வீடெண்டால் இப்பவே காய்ச்சுவன்."

வீட்டை யார் திருப்புவது என்ற நம்பிக்கையில் சொன்னது. நான் அதைச் சொன்ன கையோடு அந்த மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ட்ரக் உறுமும் சத்தம் கேட்டது.

தண்ணீர்க் குழாயைக் கழற்றினார்கள், மின்சார வயரைக் கழற்றினார்கள், முண்டுகொடுத்த பலகைகளை உருவினார்கள். நானும் சாமானும் வெளியே நிற்க, கரவன் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. சத்தம் கேட்டு ஜினெட் றப்பர் சப்பாத்தோடு ஓடி வந்தாள். அறுபது வயதிருக்கும், உயரமான மனுசி. பனிக்காலத்தில் தெற்கு வெயிலை விட்டுவிட்டு எதற்காகத் திருப்புகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறாள். வசந்தி ஏதோ விளக்கம் சொன்னாள். ஜினெட் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னதை வசந்தி தமிழாக்கினாள்: "உங்கட சாமிக்குக் காலமை வெயில்தான் பிடிக்குமாக்கும் எண்டுறா."

அதற்குப் பிறகு ஒரு பக்கம் ஜினெட் "அ கோஷ், அ கோஷ்!" என்று கத்த, மறுபக்கம் வசந்தி அதையே தமிழில் "இடக்கைப் பக்கம், இன்னும் கொஞ்சம்!" என்று கத்த, ட்ரக்குக்குள்ளிருந்து சிவநேசன் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். வசந்தி இரண்டு கைகளையும் தூக்கி வீசி, விமானத்தை இறக்குகிறவள்போல் நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ காலம் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மை சுட்டது. அவளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. குறை என் வீட்டில். என் கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம், மகன் கல்கரியில், அந்த அறை சும்மா கிடக்கிறது. குளிர், குழாய், கதவு என்று நான் அடுக்கியதெல்லாம் சாட்டு. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நினைக்க வெட்கமாகவும் இருந்தது, என்னவோ பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

வாசல் கிழக்குக்கு வந்தது. சொன்ன சொல்லுக்குத் தலை குனிந்தேன்.

நிறைகுடத்துக்கு மாவிலை இல்லை. ஜினெட் கண்ணாடி வீட்டுக்குள் போய் ஒரு கிளை ஒடித்து வந்தாள். பார்த்தால் பிரியாணிக்குப் போடும் இலை. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூரைத் துவாரத்தை இந்த முறை நானே திறந்துவிட்டேன். புதுச் சட்டியில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். வசந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் சுவாமி வரும்போது நிற்கிற மாதிரி.

பால் நுரைத்து எழும்பி வாசல் பக்கமாக, நேரே கிழக்கே வழிந்தது. "பொங்கிற்றுது!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். வழிந்த பால் நெருப்பை அணைக்க, காஸ் கசிய, கீழே சுவரிலிருந்த அலாரம் காது கிழியக் கத்தத் தொடங்கியது. சிவநேசன் பாய்ந்து அடுப்பைப் பூட்டினார். ஜினெட் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, பால் சட்டிக்கு நேரே அதை நீட்டினாள்.

"வேண்டாம்! நோ! மெர்சி! நோ!" என்று நான் சட்டிக்குக் குறுக்கே நின்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அலாரம் அடங்கியதும் அவளுக்குத்தான் முதல் கிண்ணம் பால் கொடுத்தோம்.

"எப்பிடிச் சரியாக் கிழக்கை பாத்து வழிஞ்சுது?" என்று நான் வியந்து கேட்டேன்.

சிவநேசன் தலையைச் சொறிந்தார். "மேற்குப் பக்கம் ஒரு பலகை கூட வைச்சனான் மச்சாள். பேந்து எடுத்துச் சமப்படுத்துவம்."

பின்னேரம் எல்லோரும் சேர்ந்து பாவாடை கட்டினோம். நான் வைக்கோல் கட்டுகளை உருட்டிக்கொடுத்தேன். கடைசிப் பலகைக்கு ஆணி இறுக்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. வசந்தி உள்ளே போய், தன் சுவரில், யாரையும் கேட்காமல் ஒரு ஆணி அடித்து என்னுடைய கோட்டைக் கொழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பும் பஸ். வசந்தி என்னுடைய கோட்டை ஆணியிலேயே விட்டு, தன்னுடையதை எனக்குப் போட்டு அனுப்பினாள். சூட்கேஸ் நிறைந்துதான் இருந்தது: கொத்தமல்லி, புதினா, ஜினெட் தந்த பிரியாணி இலை. கிங்ஸ்டன் வரும்வரை பஸ் முழுவதும் மணந்தது, முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வந்த வழியில் நான் எண்ணிக்கொண்டு வந்தது அவளுக்கு வரப்போகும் கஷ்டங்களை. போகும் வழியில் அவள் சிரிப்பை நினைத்து நானும் சிரித்துக்கொண்டு போனேன்.

ஸ்காபரோவில் என் வீடு பதினெட்டாம் மாடியில். சூடு குறையாது, குழாய் உறையாது, கதவு ஒட்டாது. பதினொரு வருடமாக இருக்கிறேன். கதவைத் திறந்து சூட்கேஸை உள்ளே இழுத்தபோது ஒரு எண்ணம் வந்தது. போனில் திசைகாட்டியைத் திறந்து வாசற்படியில் வைத்தேன். ஒருதரம் பார்த்தேன், போனைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தேன். தெற்கு. அசல் தெற்கு.

வசந்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் சிவநேசன் ஏதோ கேட்பது கேட்டது.

"என்னவாம்?" என்றேன்.

"ட்ரக்கோடை வரட்டோ எண்டு கேக்கிறார். எத்தினையாம் மாடி எண்டும் கேக்கிறார்."

"பதினெட்டு எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். அங்கே கொஞ்ச நேரம் யோசனை நடந்தது.

"அக்கா, கட்டிடத்தைத் திருப்ப ஏலாதாம். ஆளைத் திருப்பலாமாம். உங்கட கோட்டு ஆணியிலை இன்னும் தொங்குது. எப்ப வாறியள்?"